எட்டு மணிக் கோழி

ராத்திரி எட்டு மணிக்குக் கூவுகிற கோழி எந்த ஊரிலாவது உண்டா? வேலம்பாளையத்தில் உண்டு. ஜெயபாரதியின் செல்போனுக்குள் இருந்தது. அதைப் பிடித்து உள்ளே விட்டவள் மாரக்காள்.

இருவருக்கும் வெவ்வேறு பனியன் கம்பெனியில் வேலை. ஆனால் பழகியது அங்கே அல்ல. அரசு ஆஸ்பத்திரியில், எச்.ஐ.வி. மாத்திரை வாங்கும் வரிசையில். இருவருக்கும் அது புருஷன்மார் விட்டுப்போன சொத்து. அங்கே ஒரே பெஞ்சில் பெரியாத்தாளும், மதுரைப் பக்கத்து முனீஸும் உட்கார்ந்திருப்பார்கள். மாத்திரையை நேரம் தவறாமல் போட வேண்டும் என்று நர்ஸ் சொன்னதுதான் தாமதம், மாரக்காள் நால்வர் போனையும் பிடுங்கிக் கோழிச் சத்தத்தை அலாரமாக வைத்துவிட்டாள். "வேற சத்தம்னா காதுலயே வாங்க மாட்டீங்க" என்றாள். அதோடு விட்டாளா? கோழி ஓய்ந்ததும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "கோழி கூவிருச்சா கண்ணு?" என்பாள். போட்டாச்சு என்று சொன்னால்தான் போனை வைப்பாள்.

முனீஸ் போனார். பிறகு பெரியாத்தாள் போனாள். இரண்டு சாவுக்கும் போய், ஒரே கம்பெனி என்று பொய் சொல்லி, ஓரமாக நின்று அழுதுவிட்டு வந்தார்கள். எப்படிப் பழக்கம் என்று கேட்டால் உண்மையைச் சொல்லக்கூடிய சிநேகமா அது?

இப்போது மாரக்காளும் போய்விட்டாள். மகள் தமிழ்மதிக்கு மாப்பிள்ளை பார்க்க ஈரோட்டில் அண்ணன் வீட்டில் போய்த் தங்கியவள், அண்ணி கண்ணில் பட்டுவிடுமோ என்று மாத்திரை டப்பாவைக் கொண்டுபோகவே இல்லை. மாதக்கணக்கில் மாத்திரை இல்லை. காசநோய் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. அப்போதும் தினம் ஜெயபாரதியைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், பைத்தியக்காரி. 'நீ போட்டியா அக்கா' என்று திருப்பிக் கேட்க ஜெயபாரதிக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அந்த நினைப்புத்தான் நெஞ்சை அறுத்தது. சாவுக்குப் பிறகும் கோழி கூவியது. அழைப்பு வரவில்லை. அவளும் டப்பாவைத் திறக்கவில்லை. இனி யாருக்காகப் போடுவது என்று இருந்துவிட்டாள்.

துக்கம் கேட்க, வேலை முடிந்ததும் பெருமாநல்லூரில் மாரக்காள் வீட்டுக்கு பஸ் ஏறினாள். மாரக்காள் படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. பக்கத்தில் அவளுடைய போன். அந்த அண்ணி மருதம்மாள் சொந்தக்காரப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"மாரக்கா எப்படிப் பழக்கமுங்க?"

"ஒரே கம்பெனிங்க."

தமிழ்மதிக்கு நிச்சயம் முடிந்திருந்தது. வாய் தவறி ஒரு சொல் விழுந்தால் கல்யாணமே நின்றுவிடும் என்று ஜெயபாரதிக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது படத்தருகே கோழி கூவியது. அது ஓய்வதற்குள் ஜெயபாரதியின் பைக்குள்ளும் ஒன்று கூவியது.

"இதென்னங்க இது, ரெண்டு கோழி?" என்றாள் மருதம்மாள்.

ஜெயபாரதிக்கு உயிரே கையில் இல்லை. போனை அடக்கலாம் என்று பைக்குள் கைவிட்டால் மாத்திரை டப்பாதான் அகப்படுகிறது.

"அம்மா கம்பெனியில எல்லாரும் இந்தச் சத்தந்தான் வெச்சிருப்பாங்க அத்தை" என்றாள் தமிழ்மதி, முகம் மாறாமல். "நீங்க உள்ள வாங்க, காப்பி குடிக்கலாம்."

உள்ளே காப்பி இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"ஊட்டுல இருந்தவரைக்கும் அம்மாவுக்கு நாந்தானுங்க தண்ணி மொண்டு குடுப்பேன். ஈரோட்டுக்கு நானும் கூடப் போயிருக்கணும். எனக்கு லீவு கெடைக்கல. போட்டுக்கங்க சின்னம்மா."

பொய் சொல்லத்தான் ஜெயபாரதி வாயெடுத்தாள். வரவில்லை. "உங்கம்மா போனதுல இருந்து போடவே இல்ல கண்ணு" என்று உடைந்து அழுதாள். தமிழ்மதிக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் ஜெயபாரதி மாத்திரையை விழுங்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.

மறுநாள் வேலம்பாளையத்தில் கோழி கூவியது. ஓய்ந்ததும் போன் அடித்தது. திரையில் 'மாரக்கா' என்றிருந்தது. எடுத்தாள்.

"கோழி கூவிருச்சுங்களா சின்னம்மா?"

"இரு கண்ணு" என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தாள். தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"போட்டாச்சு. நாளைக்கும் கேளு கண்ணு."