செய்தவனைக் காட்டும் என்று கேட்டேன்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கர்த்தர் எனக்குச் செய்ததை நீங்கள் நம்புவீர்கள் என்று நம்பிச் சொல்ல வந்திருக்கிறேன். நான் 'நம்பி' என்று சொன்னதைக் கேட்டு என் மனைவி எஸ்தர் பின்வரிசையில் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவளுக்குத்தான் என்னைத் தெரியும்.

போன ஜனவரி, ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில் நேரம். வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும்போது ஊத்து என்ற ஊருக்குப் பக்கத்தில் என் கார் எஞ்சின் கொதித்துவிட்டது. மீட்டர் முள் சிவப்பில் போய் நின்றது. பானட் ஓரமெல்லாம் ஆவி. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன்.

எஸ்தருக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர் போளூர், கொடைக்கானலையும் தாண்டி உள்ளே இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் முதல் பிள்ளைக்கு வலி எடுத்தபோது, சொல்லி வைத்த ஜீப் நேரத்துக்கு வரவில்லை. பிள்ளை தங்கவில்லை. அதற்கப்புறம்தான் இந்தப் பழைய காரை வாங்கினேன். இப்போது அதுவும் ரோட்டோரம் நின்றுவிட்டது. "ஆண்டவரே, இன்னொரு தடவை வேண்டாம்" என்று அழுதேன்.

அழுது முடித்ததும் சந்தேகம் வந்தது. என் பிறவிக் குணம் அது. கடைக்காரர் நாலு காய் கூடப் போட்டால் சொத்தையோ என்று புரட்டிப் பார்க்கிற ஆள் நான்.

யார் மேல் சந்தேகம்? பெருமாள்மலை மெக்கானிக் மாரிமுத்து மேல்தான். ஒரு வாரத்துக்கு முன்னால் கூலன்ட் மாற்றியது அவர். அதோடு, இந்தக் காரை எனக்கு முன்னாலேயே விலைக்குக் கேட்டவரும் அவர்தான். வண்டியைக் கெடுத்தால் வெறுத்துப்போய் இவன் தள்ளிவிடுவான் என்று திட்டம் போட்டிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆனால் அந்த ரோட்டில் கூப்பிட வேறு ஆள் இல்லை. அவரையே கூப்பிட்டேன்.

பைக்கில் வந்து இறங்கினார். நான் கேனில் ஓடைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன்.

"மூடியத் தொட்றாதீங்கண்ணே, மொகத்துல அடிச்சிரும். கொதிக்கிற எஞ்சின்ல பச்சத் தண்ணிய ஊத்துனா ஹெட்டு விரிசல் விட்டுரும். நல்லா ஆறட்டும்."

நேரத்தைக் கடத்துகிறார் என்று நினைத்தேன்.

ஆறின பிறகு ஈரச்சாக்கைப் போட்டு மூடியைத் திறந்தார். குறைந்த கூலன்ட்டை ஊற்றினார். ஆயில் குச்சியை உருவி வெயிலில் பிடித்தார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் விட்ட டீ மாதிரி ஆகிவிடுமாம். அது கறுப்பாகத்தான் இருந்தது. நான் குச்சியை வாங்கி முகர்ந்தும் பார்த்தேன். எதற்கு முகர்ந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு பிக்கப் வண்டியில் கயிறு கட்டி அவர் ஷெட்டுக்கு இழுத்துப் போனோம். போனதும், "மதினிக்குக் கால் வீங்கியிருக்கு. எதுத்தாப்புல டீக்கடையில உக்கார வச்சிட்டு வாங்கண்ணே" என்றார். நான் திரும்பி வந்தபோது காரின் முன்பக்கக் கிரில்லை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னத்தக் கழட்டுன?"

"ஒண்ணுமில்லண்ணே. காத்து சரியாப் போகல. சரி பண்ணிட்டேன்."

என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிறகு எஞ்சினை வெகுநேரம் ஓடவிட்டார். ரேடியேட்டரில் குமிழ் வருகிறதா என்று குனிந்து பார்த்தார். சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா என்று பின்னால் போய்ப் பார்த்தார். "கேஸ்கட் போயிருந்தா ரெண்டும் வரும்ணே. வரல. வெரசா நிப்பாட்டுனதால எஞ்சின் தப்பிச்சிருச்சு. கூலன்ட் காசு மட்டும் குடுங்க, கூலி வேணாம்."

கூலி வேண்டாம் என்றதும் எனக்கு உறுதியாகிவிட்டது. "ஏலே, நீயே கெடுத்துட்டு நீயே சரி பண்ணுறியா? எம்பொண்டாட்டி உசுரு ஒனக்கு வெளையாட்டாப் போச்சா?" டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "பாத்துப் போங்கண்ணே" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையைக் காப்பாற்றும். இந்தக் காரியத்தைச் செய்தவனை எனக்குக் காட்டும்" என்று கேட்டேன். முதல் ஜெபத்தைவிட இரண்டாவதைத்தான் சத்தமாகச் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் புல்லெல்லாம் உறைபனி. வேறு ஏதாவது செய்து வைத்திருக்கிறாரா என்று கார் முழுக்கத் துழாவினேன். டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் ஓர் அட்டை மடித்துக் கிடந்தது. எங்கள் மிக்சி பெட்டி அட்டை. ஓரமெல்லாம் வெந்து சுருண்டிருந்தது. பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

பனிக்காலத்தில் எங்கள் பக்கத்தில் எஞ்சின் சீக்கிரம் சூடேற, ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை சொருகுவோம். கீழே இறங்கும் வழியில், பூம்பாறையில் டீ குடிக்க நிறுத்தும்போது மறக்காமல் உருவிவிடுவோம். அந்தச் செவ்வாய்க்கிழமை பூம்பாறையில் நான் என்ன செய்தேன்? நம் டீசலை யாரோ உறிஞ்சியிருக்கிறார்கள் என்று டேங்க் மூடியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்! அட்டையை மறந்தே போனேன். குளிரில், இறக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் ஏறும்போது காற்றுப் புகாமல் எஞ்சின் வெந்துவிட்டது.

கர்த்தர் செய்தவனைக் காட்டிவிட்டார். எனக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

அன்றைக்கே பெருமாள்மலைக்குப் போனேன். "ஏன்ப்பா, அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"மதினி எதுத்தாப்புல பாத்துக்கிட்டு இருக்கையில அட்டையத் தூக்கிக் காட்டுனா அவுக மொகம் என்னத்துக்கு ஆகும்ணே? பிரசவத்துக்கு ஒங்கள நம்பித்தான கீழ போகணும். அவுக பயந்துறக் கூடாதுன்னு பாத்தேன்."

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வெள்ளனே வலி எடுத்தது. காரில் ஏறி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, அட்டைய எடுத்தீங்களா?" கையில் வைத்திருந்ததைக் காட்டினேன். போனில் சொல்லியிருந்ததால் பெருமாள்மலையில் மாரிமுத்து கூலன்ட் கேனோடு பைக்கில் காத்திருந்தார். வத்தலக்குண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை பின்னாலேயே வந்தார். மீட்டர் முள் பாதியைத் தாண்டவே இல்லை. மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. இதோ, எஸ்தர் மடியில் தூங்குகிறாள்.

அன்பானவர்களே, உங்கள் பாரம் எதுவானாலும் அவரிடம் கேளுங்கள். நிச்சயம் பதில் வரும். ஆனால் அடுத்தவனைக் காட்டும் என்று கேட்கப் போகிறீர்களானால், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேளுங்கள். எனக்கு இன்னும் சந்தேகம் வருகிறது. வரும்போதெல்லாம் முதலில் அட்டையைப் பார்க்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நெற்றியில் திருநீறோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் மாரிமுத்து. நான் வருந்திக் கூப்பிட்டதால் வந்திருக்கிறார். நாலு பேர் பார்க்க அவரைத் திட்டிவிட்டு, மன்னிப்பை மட்டும் யாரும் இல்லாத இடத்தில் கேட்பது நியாயமில்லை. மாரிமுத்து, அந்த அட்டையை வைத்தது நான். நீ என் வீட்டைக் காப்பாற்றினாய். என்னை மன்னித்துவிடு.