மூத்த வாத்தியாரின் கை

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். விழுப்புரத்தில் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, காலை ரயிலில் திண்டிவனம் போய் ஓர் ஆரம்பப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். கணவர் அரை மனதோடுதான் சம்மதித்திருந்தார். ஏதாவது பேச்சு கிளம்பினால் வேலையை விட்டு நின்றுவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

அங்கே மூத்த வாத்தியார் ஒருவர் இருந்தார். சாக்பீஸ் கொடுக்கும்போது என் விரல்களையும் சேர்த்துப் பிடிப்பார். நான் குனிந்து எழுதினால் தோளில் கை வைத்து, "இன்னாம்மா, கொழந்த தூங்க விடலியா?" என்பார். பரிவாகத்தான் கேட்கிறாரோ? நான்தான் தப்பாக நினைக்கிறேனோ? ரவிக்கைக் கையை முழங்கைவரை நீட்டித் தைத்துக்கொண்டேன். அவர் கை நகரவில்லை.

பக்கத்து வகுப்பு டீச்சரிடம் மட்டும் அவர் தள்ளியே நிற்பார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அவளுக்கும் என் வயதுதான், என்னைவிட அழகி. கடைசியில் கேட்டேவிட்டேன்.

"எங்கிட்டயும் வந்தாரு. 'கை வலிக்குதா சார், எம்மேல வெச்சிக்கினு நிக்கிறீங்களே'ன்னு பசங்க எதிர்லயே கேட்டேன். ஜல்தியா எடுத்துக்கினாரு. நீயும் கேளேன்!"

கேளேனாம். அவளுக்கு அப்பாவும் அண்ணன்களும் அதே ஊரில் இருக்கிறார்கள், அவள் கேட்பாள். திரும்பும் ரயிலில் அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அது அழுகையாகவே வந்தது.

ஒரு நாள் கரும்பலகையில் கூட்டல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதுகில் கை பட்டது. திரும்பினேன். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய், பிள்ளைகளிடம் தினமும் சொல்வதுதான் வாயில் வந்தது.

"கையக் கட்டு!"

வகுப்பு முழுவதும் சட்டென்று கை கட்டிக்கொண்டது. அவரும் கட்டிக்கொண்டார். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி சிரித்துவிட்டாள், பிறகு எல்லோரும்.

"கணக்கு ஒழுங்கா போட்றாங்களான்னு பாக்க வந்தேன்" என்றவர், கட்டிய கையைப் பிரிக்காமலே வெளியே போனார்.

மறுநாளிலிருந்து சாக்பீஸை மேசையில் வைத்தார். கணவர் காதுக்கு எட்டிவிடுமோ என்று வெகுநாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டவில்லை, வேலை நிலைத்தது. பள்ளிக்குள் மட்டும் பரவியது.

"நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்று பக்கத்து வகுப்பு டீச்சர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் சொல்லிக்கொடுத்தது வேறு, நான் சொன்னது வேறு. இதையும் அவளே எடுத்துக்கொண்டாளே என்று விழுப்புரம் வரும்வரை புகைந்துகொண்டே வந்தேன்.