அறுப்பு மாதத்து லீவு

தஞ்சாவூரில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் நான் டீம் லீட். மருத்துவமனைகளின் பில்லிங் மென்பொருள் மக்கர் பண்ணினால் சரிசெய்வது எங்கள் வேலை. அந்த வேலை இருக்கும்வரைதான் இந்தக் கிளையும் இருக்கும்.

டீமில் எல்லோருமே திருவையாறு பக்கத்துப் பிள்ளைகள். வீட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ நெல் வயல் உண்டு. குறுவை அறுப்பு சமயத்தில், "அக்கா, நாளைக்கு அறுப்பு மெஷின் வருது" என்று சாயங்காலம் ஒரு குரல் கேட்கும். இன்னொருவர் அந்த ஷிப்டைப் பார்த்துக்கொள்வார். அவர் வயலில் அறுப்பு வரும்போது இவர் பார்ப்பார். இதற்காக நான் மெனக்கெட்டதே இல்லை. மருத்துவமனைகளிலிருந்து வந்த ஒரு போனைக்கூட நாங்கள் தவறவிட்டதும் இல்லை.

போன வருஷம் சென்னைத் தலைமை அலுவலகம் ஒரு புது ஆப்பைக் கொண்டுவந்தது. ஷிப்ட் போடுவதும் லீவு கொடுப்பதும் வரும் போனை ஆளுக்குத் திருப்புவதும் இனி அதுதான். லீவை இரண்டு வாரம் முன்பே பதிய வேண்டும். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளக் கூடாது.

"சார், மெஷின் என்னிக்கு வரும்னு மெஷின்காரருக்கே தெரியாது. மழை பெஞ்சா வயல்ல இறங்காது" என்றேன் வீடியோ காலில்.

"கொஞ்சம் பிளான் பண்ணச் சொல்லுங்க" என்றார் சென்னையில் இருந்த மேனேஜர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழையை யார் பிளான் பண்ணுவது? ஆனால் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, எல்லோரும் அறுப்பு மாதம் முழுவதற்கும் லீவு போட்டுவைத்தார்கள். "வேணாம்னா கேன்சல் பண்ணிக்கலாம்க்கா" என்றார்கள். ஆப் அத்தனையையும் கொடுத்துவிட்டது. கேன்சல் செய்யத்தான் அதில் வழியில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மெஷின்கள் ரோட்டோரம் நின்றன. பிள்ளைகள் நனைந்துகொண்டே அலுவலகம் வந்தார்கள். லீவில் இருப்பவர்களுக்கு போன் வராது என்றது ஆப். எங்கள் மருத்துவமனைகளின் அழைப்பெல்லாம் கம்பெனியின் ஹைதராபாத் டீமுக்குப் போனது. சென்னைக்கு எழுதிக் கேட்டேன், கத்தியும் பார்த்தேன். அடுத்த வெர்ஷனில் சரிசெய்வதாகப் பதில் வந்தது. நல்ல வேலைக்காரப் பிள்ளைகள் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார்.

"உங்க டீம் லீவுல இருந்தப்ப ஹைதராபாத்ல நல்லாவே பார்த்துக்கிட்டாங்க. கிளையன்ட்டுக்கும் திருப்தி. வேலையை அங்கேயே விட்டுடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"யாரும் லீவுல இல்ல சார். எல்லாரும் இங்கதான் உட்கார்ந்திருந்தாங்க."

"ஆப்ல லீவுன்னுதானே இருக்கு?"

போனை வைத்துவிட்டுப் போய்ப் பிள்ளைகளிடம் சொன்னேன். டீமிலேயே கெட்டிக்காரியான பெண் கேட்டாள்:

"அப்ப நாளைக்கு நாங்க வரணுமாக்கா, வேணாமா?"

அதை மேனேஜர் என்னிடம் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.