அறுத்தெடுத்த மூன்று பட்டை

யுத்தம் தொடங்கிய மறுவருஷம் என் கணவர் பட்டாளத்தில் சேர்ந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது பதினான்கு மாதம். தூத்துக்குடியில் ஒரு பஞ்சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தார். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பார். மோட்டாரைப் பிரித்துத் திரும்ப மாட்டத் தெரியும். அப்படிப்பட்ட ஆள் பட்டாளத்துக்கு வேண்டியிருந்தது. சீக்கிரமே கையில் ஒரு பட்டை விழுந்தது, பிறகு இரண்டு, இரண்டு வருஷம் நிறைவதற்குள் மூன்று. மூன்று பட்டை என்றால் ஹவில்தார். நாசரேத்தில் இருந்த என் மாமனார், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், அந்தச் செய்தி வந்த கடிதத்தை மடிப்புக் கிழியும்வரை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

நான் தூத்துக்குடியிலேயே இருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு தையல் கூடம் இருந்தது. அங்கே பட்டாளத்துச் சட்டைகள் தைத்தார்கள். நாசரேத் மிஷன் பள்ளியில் ஊசி வேலை படித்தவள் என்பதால் எனக்கு அங்கே இடம் கிடைத்தது. நாங்கள் ஒன்பது பெண்கள். எங்கள் வேலை சட்டை தைப்பதல்ல; சட்டையில் பட்டை தைப்பது.

காயல்பட்டினத்து அண்ணாச்சி ஒருவர்தான் எங்களுக்கு மேஸ்திரி. முதல் நாளே ஒரு அட்டையை வெட்டி என் கையில் கொடுத்தார். தோள் தையலிலிருந்து எவ்வளவு இறக்கம், பட்டைக்கும் பட்டைக்கும் எவ்வளவு இடைவெளி, எல்லாம் அந்த அட்டையில் இருந்தது. மீன்முள் போல நெய்த வெள்ளை நாடா. அதை நடுவில் மடக்கி முனை கீழே பார்க்க வைக்க வேண்டும். ஒரு பட்டைக்காரன் லான்ஸ் நாயக், இரண்டுக்கு நாயக், மூன்றுக்கு ஹவில்தார். அதற்கு மேலே போனால் கையில் பட்டை கிடையாது, தோளில் நட்சத்திரம். ஜமேதாருக்கு ஒன்று, சுபேதாருக்கு இரண்டு, சுபேதார் மேஜருக்கு மகுடம். அந்த நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தால் நடுவில் குன்றிமணி அளவில் மூன்று மகுடங்கள் இருக்கும். ராஜாவின் மகுடம். பின்னால் நாடு நம்முடையதாகி, ராஜா போய், அந்த இடத்துக்குச் சிங்கங்கள் வந்தன. ஆனால் நான் தைத்த காலத்தில் மகுடம்தான்.

"ஒரு நூல் கோணுச்சுன்னா அவன் அதிகாரமே கோணிப் போவும், பாத்துக்கோ," என்பார் அண்ணாச்சி. வேடிக்கையாகச் சொல்லமாட்டார். கோணிய பட்டையை அவரே பிரித்து என் முன்னால் போடுவார்.

நான் வேறொன்றையும் அங்கே கற்றுக்கொண்டேன். பழைய சட்டைகள் மராமத்துக்கு வரும். சிலவற்றில் பட்டை இருக்காது. இருந்த இடம் மட்டும் இருக்கும். வெயிலிலும் சவுக்காரத்திலும் சட்டை முழுக்க வெளுத்திருக்க, நாடா மூடியிருந்த இடம் மட்டும் புதுத் துணியின் நிறத்தில் அழுத்தமாகத் தெரியும். ஆள் உயர்ந்திருந்தால் அதன்மேல் புதுப் பட்டை வரும். ஒன்றும் வராமல் வெறும் தடம் மட்டும் இருந்தால் அந்த ஆளை இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

ஜப்பான்காரனிடம் பர்மா விழுந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு என் கணவருக்கு லீவு கிடைத்தது. காலை ரயிலுக்கு ஸ்டேஷன் போனேன். கூட்டத்தில் முதுகு திரும்பி நின்று பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அவர் கையைப் பார்த்துவிட்டேன். வலது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், மூன்று தடம். ஓரத்தில் துணி கிழிந்து யாரோ அவசரமாக ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் கண் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். பெட்டியை அந்தத் தோளுக்கு மாற்றி அந்தக் கையை மறைத்தார்.

வீடு வரும்வரை நான் ஒன்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்தியதும் கேட்டேன். எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கலாம். நான் கேட்டது இதுதான்:

"எதையும் திருடிட்டியளா?"

பட்டாளத்துச் சாமான் விற்று மாட்டிக்கொண்டவர்களைப் பற்றித் தையல் கூடத்தில் நிறையக் கேட்டிருந்தேன். அதனால் வந்த கேள்வி. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். தொட்டியில் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்பா நாளைக்கு வாராங்க," என்றார். "கிறிஸ்மஸ் ஆராதனைக்கு உடுப்போட வரணும்னு கடுதாசி போட்டிருக்காங்க. நீ பட்டை தைக்கிறவதான? மூணு நாளைக்குத் தச்சுக் குடு. போறதுக்கு முன்ன பிரிச்சுரலாம்."

"அது குத்தமில்லியா?"

"குத்தம்தான்."

நான் மத்தியானம் கூடத்துக்குப் போய், ஒரு ஹவில்தாருக்குத் தேவையான நாடாவை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தேன். திருடினீர்களா என்று அவரைக் கேட்டேனே, அதே வேலையை நான் செய்தேன். சாயங்கால வெளிச்சத்தில் வாசற்படியில் உட்கார்ந்து, இருந்த தடத்தின்மேலேயே ஊசியை ஓட்டினேன். அட்டை வேண்டியிருக்கவில்லை. நான் தைத்ததிலேயே கோணாத பட்டை அதுதான்.

மறுநாள் மாமனார் வந்து மகனின் கையைத் தடவிப் பார்த்தார். "வெள்ளை வெளேர்னு இருக்கே!" என்றார். இவர் சிரித்தார்.

கிறிஸ்மஸ் காலையில் கோயில் நிறைந்திருந்தது. ஆராதனை முடிந்ததும் மாமனார் இவரை முற்றத்தில் நிறுத்தி வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். "எம் மவன். ஹவில்தார். இவனுக்குக் கீழ நாப்பது லாரி ஓடுது." நாற்பது என்பது அவராகச் சொன்னது.

அப்போது கடற்கரைக் காவல் முகாமிலிருந்து ஒரு ஜமேதார் கோயிலுக்கு வந்திருந்தார். தமிழர்தான், வடக்கே எங்கோ வேலூர்ப் பக்கம் போலிருந்தது பேச்சு. தோளில் ஒற்றை நட்சத்திரம், அதன் அடியில் சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு நாடாத் துண்டு. மாமனார் அவரையும் விடவில்லை. கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்தார்.

என் கணவர் விறைத்து நின்று சலாம் வைத்தார். ஜமேதார் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். வெளுத்துப்போன சட்டை, அதில் துவைக்காத புது நாடா, அதன் ஓரத்தில் பழைய கிழிசலின் ஒட்டு. நான் இவருக்கு இரண்டு அடி பின்னால் நின்றிருந்தேன்.

"எந்த கம்பெனி?" என்று கேட்டார். இவர் சொன்னார்.

"எங்கே இருந்தீங்க?"

"பர்மா ரோட்டுல, சாப்."

ஜமேதார் தலையை ஆட்டினார். மாமனாரிடம் திரும்பி, "நல்ல பிள்ளைங்க உங்க மகன்," என்றார். மாமனார் குருவானவரைக் கூப்பிட நகர்ந்தபோது, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஜமேதார் சொன்னார்:

"ரயில் ஏறும்போது இது கையில் இருக்கக் கூடாது. ஸ்டேஷன்ல நிக்கிறவன் என்னை மாதிரி இருக்க மாட்டான்."

மாமனார் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாசரேத்துக்கு பஸ் ஏறினார். அவர் போனதும் இவர் சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டார். நான் கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தானாகச் சொன்னார். வெறும் உடம்போடு சுவரில் சாய்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பர்மாவிலிருந்து சனங்கள் நடந்து வந்துகொண்டிருந்த சமயம். இவருடைய வண்டிகள் எதிர்த் திசையில், முன்னணியில் இருந்த பட்டாளத்துக்கு மாவு மூட்டை கொண்டு போய்க்கொண்டிருந்தன. மழை பிடித்துவிட்டது. வழி நெடுக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் உட்கார்ந்தபடியே செத்திருந்தார்கள். யாரையும் ஏற்றக் கூடாது என்று உத்தரவு. ஆறு நாள் யாரையும் ஏற்றாமல் ஓட்டினாராம்.

"ஏழாவது நாள் ஒரு பொம்பள குரல் கொடுத்தா. 'ஏலே ஐயா, பிள்ளைய மட்டுமாவது ஏத்திக்கோலே'ன்னு. நம்ம பேச்சு. நம்ம ஊரு வாய். எனக்கு பிரேக்கு தானா விழுந்துட்டு."

மூட்டைகளை இறக்கிச் சேற்றில் போட்டுவிட்டு, அந்தச் சாலைத் திருப்பத்தில் இருந்த பதினோரு பேரையும் ஏற்றி, வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரி முகாமுக்கு ஓட்டியிருக்கிறார். திரும்பிப் போனபோது மூட்டை ஒன்றுகூட இல்லை. விசாரணை கால் மணி நேரம்கூட நடக்கவில்லையாம். மறுநாள் காலை அணியில் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, பிளேடால் பட்டையை அறுத்தார்கள்.

"துணியும் சேந்து கிழிஞ்சிது. அதுக்குத்தான் அந்த ஒட்டு," என்றார்.

"அந்தப் பதினோரு பேரு?"

"முகாமுல காலரா. ஒரு வாரம் கழிச்சுப் போய்க் கேட்டேன். நாலு பேருதான் இருந்தாங்க."

"அந்தப் பொம்பள?"

"இல்ல."

"பிள்ள?"

"பிள்ளைய யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன் அதும் செத்துட்டுன்னான். எனக்குத் தெரியல, ஏளா."

நான் பிரித்துக்கொண்டே இருந்தேன். முதல் நாள் கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் இல்லை. நூலைப் பல்லால் கடித்து இழுத்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஒரு நாள் இருக்கிறதே, நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அக்கம்பக்கத்தார் வந்துகொண்டே இருந்தார்கள். அதற்கு மறுநாள் ரயில். பிளாட்பாரத்தில் இவர் கையில் வெறும் தடத்தோடு நின்றார். நான் "உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று சொன்னேன். அதைத்தான் சொன்னேன்.

அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து மணிப்பூர்ப் பக்கம் நடந்த சண்டையில் அவர் லாரியின்மேல் குண்டு விழுந்தது. தந்தி தையல் கூடத்துக்கே வந்தது. அண்ணாச்சி வாங்கி வாசித்துவிட்டு, மெஷின்களை நிறுத்தச் சொன்னார். கூடத்தில் கடற்காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. தந்தியில் அவர் எண்ணுக்கு முன்னால் 'சிப்பாய்' என்று இருந்தது. அண்ணாச்சி அந்த வார்த்தையை இரண்டு தடவை வாசித்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கிறிஸ்மஸ் சமயம் மூன்று பட்டை நாடா குறைந்த கணக்கு அவருக்கு அப்போது புரிந்திருக்கும்.

மாமனாருக்கு நான் தந்தியைக் காட்டவில்லை. செய்தியை மட்டும் சொல்லி அனுப்பினேன்.

யுத்தம் முடிந்த பிறகு, சபையிலிருந்து போய்த் திரும்பாதவர்களுக்குக் கோயிலில் ஒரு கல் பதிக்கத் தீர்மானித்தார்கள். எட்டுப் பெயர். பதவி வரிசைப்படி, மேலே ஜமேதார், அடுத்து ஹவில்தார், அப்படியே கீழே சிப்பாய் வரை. கமிட்டிக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மாமனார் ஏற்கெனவே வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் ஒவ்வொருவரிடமும் பட்டாளத்துக் காகிதத்தை வாங்கிச் சரிபார்த்தார்.

"உங்க காகிதம் எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"அதுக்கு என்னத்துக்குக் காயிதம்?" என்றார் மாமனார். "ஹவில்தார்னு எழுதுங்க. கிறிஸ்மஸ் அன்னைக்கு ஊரே பாத்துச்சு."

செயலாளர் எழுதுவதற்குப் பேனாவைத் தாளில் வைத்துவிட்டார். சும்மா இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். என் கணவருக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஹவில்தார் என்று வெட்டினால், அந்த மழையில் வண்டியை நிறுத்திய ஆள் இவர் இல்லை என்று ஆகிவிடும். எனக்கு அப்படித்தான் பட்டது. பைக்குள்ளிருந்து தந்தியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"சிப்பாய்னு எழுதுங்க. அன்னைக்கு ஊர் பாத்த பட்டையத் தச்சது நான், மாமா."

எல்லாவற்றையும் சொன்னேன். மாவு மூட்டை, பதினோரு பேர், பிளேடு, காலரா. நான் கேட்ட கேள்வியையும் சொன்னேன். மாமனார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பேரே வேண்டாம்," என்றார் கடைசியில். "வெட்ட வேண்டாம். விட்டுருங்க."

"ஐயா, அவரு செஞ்சது..." என்று செயலாளர் ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும் அவன் செஞ்சது. ரொம்பப் பெரிய காரியம். அதுக்காக எம் மவனக் கடைசி வரியில படிக்கணுமா நான்?" எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாசரேத்தில் அவர் இன்னும் ஆறு வருஷம் இருந்தார். நான் போனால் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவரிடம் இருந்தது ஒரே மகன். அந்த மகனைப் பற்றிய பெருமையிலும் நான் அவருக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

கல்லில் பெயரை வெட்டினார்கள். பெஞ்சுகள் மறைக்கிற உயரத்தில், எட்டாவது வரி. நின்று பார்க்கிறவர்கள் நாலைந்து பெயர் வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். திறந்து வைத்த ஞாயிறு நான் முழங்கால் போட்டபோதுதான் அது என் முகத்துக்கு நேரே வந்தது. சிப்பாய் என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. ஆராதனை முடிந்ததும் செயலாளரிடம் சொன்னேன். மறுவாரம் கல்தச்சன் வந்து உளியால் இரண்டு தட்டுத் தட்டிப் புள்ளியை வைத்துவிட்டுப் போனான்.