உள்ளே மடித்துத் தைத்த கோட்டு

“—வெட்டாதே தங்கச்சி, உள்ளே மடிச்சுத் தை. எப்போ பிரிச்சாலும் என் அளவு திரும்பி வரணும்” என்று சொல்லிக்கொண்டே அவர் கோட்டை என் மிஷின்மேல் வைத்தார். வைத்தார் என்றா சொன்னேன்? கிடத்தினார். கைக்குழந்தையை டாக்டர் மேசைமேல் கிடத்துவதுபோல, கழுத்துப் பக்கம் ஒரு கை, இடுப்புப் பக்கம் ஒரு கை.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் பிளவுஸ் தைக்கிறவள் நான். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டாயிற்று. மிச்சத்தையெல்லாம் அளவு கொடுக்க வருகிறவர்கள் பேசப் பேசக் கற்றுக்கொண்டேன். யாராவது நல்லதாக ஒன்று சொல்லிவிட்டால் அளவு நோட்டிலேயே எழுதிவைப்பேன். மார்பு முப்பத்தாறு, கை எட்டு, அதற்குக் கீழே: “எங்க மாமியார் குக்கர் மாதிரி. விசில் வந்தா பயமில்ல, வராட்டிதான் பயம்.”

இது போக, மயிலாப்பூரில் ஓர் அமெச்சூர் நாடகக் குழுவுக்குப் பதினெட்டு வருஷமாக உடை தைத்துக் கொடுக்கிறேன். மேடை ஓரத்தில் படுதாவுக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பதும் நான்தான். வருஷத்துக்கு ஒரு நாடகம், அதுவும் ஒரே நாடகம். முட்டிக்குக் கீழே தொங்கும் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு துப்பறிவாளரின் கதை. அவருக்குக் கதையில் ஒரு பெயர் உண்டு, யாரும் சொல்லமாட்டார்கள். எல்லோருக்கும் அவர் ‘கோட்டுக்காரர்’. இடைவேளைக்கு முன் ஒரு தடவையும் கடைசியில் ஒரு தடவையும் மேடையில் நீல வெளிச்சம் மட்டும் மிஞ்சும். கோட்டுக்காரர் வலது கையை உயரத் தூக்கி, “விளக்கைப் போடுங்க!” என்பார். சபையே அவரோடு சேர்ந்து கத்தும். பளிச்சென்று விளக்கு எரியும், திருடன் திருதிருவென்று விழிப்பான். இதற்காகவே வருஷா வருஷம் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கோட்டைக் கொண்டுவந்தவர் முப்பது வருஷம் கோட்டுக்காரராக நடித்தவர். சைதாப்பேட்டைக்காரர், டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வருஷம் முட்டி ஆபரேஷன். “ரெண்டு முட்டியும் புதுசு தங்கச்சி. ஆனா திருடன் ஓடினா துரத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

அவருக்குப் பதிலாகக் கோட்டைப் போடப்போகிறவள் ஒரு பெண். தி. நகரில் அடுக்குமாடி வாட்ச்மேன் ஒருவரின் மகள். அப்பா அம்மா நேபாளத்திலிருந்து வந்தவர்கள். இவள் பிறந்தது சைதாப்பேட்டை, படித்தது கார்ப்பரேஷன் பள்ளி, வேலை பியூட்டி பார்லரில். இரண்டு வருஷம் முன்பு எங்கள் குழுவுக்கு மேக்கப் போட வந்தாள், மேடையில் சின்ன வேஷமும் ஒன்று உண்டு. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒத்திகை நிற்கக் கூடாதே என்று அவர் வசனத்தைச் சும்மா சொல்லச் சொன்னோம். தாளைப் பார்க்காமல் முழுசாகச் சொன்னாள். படுதாவுக்குப் பின்னால் எனக்கு வேலையே இல்லை.

“இவளே போடட்டுமே” என்று நான்தான் வாயை விட்டேன். அன்றைக்கு ஆரம்பித்தது.

எங்கள் செயலாளர் பாங்க் வேலை பார்த்த மனிதர். “நன்னா சொல்றா, இல்லேங்கலை. ஆனா மூஞ்சியப் பாத்தாலே நேபாளம்னு தெரியறதே. கோட்டுக்காரர் நம்ம மயிலாப்பூர் லஸ் கார்னர் ஆசாமின்னா? அதுவும் பொண்ணு வேற. நம்மாத்துலயே சிரிப்பா.”

“லஸ் கார்னர்னு நாடகத்துல எங்கனா சொல்லிக்கீதா சார்?” என்று கேட்டாள் அவள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுத்து எழுத்தாக எனக்குத்தானே தெரியும். ஊர் இல்லை, நிறம் இல்லை. கோட்டு உண்டு, மீசையை ஒரே ஒரு இடத்தில் முறுக்குவது உண்டு. சொன்னேன்.

“மீச வோணும்னா ஒட்டிக்கிறேன். வோணாம்னா அந்த ஒரு இடத்துல தாடைய சொறிஞ்சிக்கிறேன்” என்றாள். செயலாளரே சிரித்துவிட்டார்.

நாடகத்தில் கடத்தப்படும் பெண்ணாக இருபது வருஷம் நடித்த அம்மாள், டீத் தம்ளரைக் கீழே வைத்தார். “இருபது வருஷமா என்னை ஒரு ஆம்பளை வந்து கட்டவிழ்த்து விட்டாச்சு. ஒரே ஒரு தடவை இவ அவிழ்க்கட்டுமே. முடிச்சு அதேதானே?”

அப்போதுதான் பழைய கோட்டுக்காரர் பேசினார். கோபமாக இல்லை, அதனால்தான் எல்லோரும் கேட்டோம். “பொண்ணு நடிக்கட்டும். அவளுக்குன்னு புதுசா ஒரு ஹீரோ எழுதுங்க, முதல் வரிசையில உக்காந்து நானே கை தட்டறேன். சனம் முப்பது வருஷமா மனசுல வெச்சிருக்கிற ஆளை ஏன் மாத்தணும்?”

நியாயமான கேள்வி. பதில் அவளிடம் இருந்தது.

“புச்சா எழுதுனா இன்னா எழுதுவீங்க நைனா? கூர்க்கா பொண்ணுன்னுதான் எழுதுவீங்க. ரெண்டு வருசமா எனக்கு நீங்க குடுத்த வேசம் அதானே, விசில் ஊதிக்கினு குறுக்கால போறது.”

செயலாளர் கையைத் தூக்கச் சொன்னார். ஏழு கை இவளுக்கு, ஐந்து கை எதிராக. பழையவர் எதற்கும் தூக்கவில்லை. “இந்த ஒரு தடவை. சனம் ஏத்துண்டா சரி, இல்லேன்னா கோட்ட மடிச்சு உள்ள வெச்சுடுவோம்” என்று செயலாளர் முடித்தார்.

அதனால்தான் கோட்டு என் மிஷினுக்கு வந்தது, ‘வெட்டாதே’ என்ற அந்த வார்த்தையோடு. தையல்காரியாக எனக்கு அது புதிதில்லை. குண்டானாலும் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று எல்லோருமே உள்ளே துணி விடச் சொல்வார்கள். ஆனால் ஆறடி ஆளின் கோட்டை ஐந்தடிப் பெண்ணுக்குப் பிடிப்பதென்றால் பக்கத்துக்கு நாலு விரற்கடை உள்ளே போகும்.

அவர் எதிரிலேயே அளவு நோட்டைப் புரட்டினேன். அவரே சிரிக்கச் சிரிக்கச் சொன்னது ஒன்று அதில் இருந்தது, பல வருஷம் முன்பு எழுதிவைத்தது. அவர் முதன்முதல் இந்தக் கோட்டைப் போட்டபோது குழுவில் ஒரு பெரியவர் சொன்னாராம்: “கோட்டும் கறுப்பு, ஆளும் கறுப்பு, நீல வெளிச்சத்துல எங்கேன்னு தேடறது?” மூன்று வருஷம் அவர் முகத்தில் ரோஸ் பவுடர் அப்பித்தான் மேடை ஏற்றினார்களாம். வியர்வையில் வழிந்து வரிக்குதிரை மாதிரி நிற்பாராம்.

மறந்த வரியை எடுத்துக்கொடுப்பது என் பழக்கம். மெதுவாக வாசித்தேன்.

அவர் வெளியே, மெட்ரோக்காரர்கள் நட்டுவைத்த தகரத் தடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அது வேற” என்றார். கோட்டை என் பக்கம் தள்ளி, “மடிச்சே தை.”

மடித்தே தைத்தேன்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அவளுடைய அப்பா லீவு கேட்டு வாங்கி வந்து ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். “எங்கப்பா ஊர்ல இருக்கிற வாசல்ல எல்லாம் நின்னுக்கீறாருக்கா. உள்ள உக்காந்து பாக்கறது இன்னிக்குத்தான்” என்று அவள் காலையிலேயே சொல்லியிருந்தாள். முதல் அரை மணி நேரம் நன்றாகவே போயிற்று. தாடையைச் சொறிந்த இடத்தில் கைதட்டல்கூட விழுந்தது.

அப்புறம் நீல வெளிச்சம். “விளக்கைப் போடுங்க!” என்றாள். பழக்க தோஷம், சபையும் கத்திவிட்டது. ஆனால் விளக்கு வரவில்லை.

எங்கள் லைட்காரருக்கு வசனம் கணக்கில்லை. சபை போடுகிற சத்தத்தில் வசனம் கேட்காது என்று முப்பது வருஷமாகக் கையை மட்டும்தான் பார்ப்பார். தலைக்கு மேலே கை போனால் ஸ்விட்ச். அவள் கை தோளுக்கு மேல் ஏறவில்லை. நான் மடித்துத் தைத்த துணி அக்குளில் தலையணை மாதிரி அடைத்துக்கொண்டு நின்றது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். கோட்டு மொத்தமும் மேலே ஏறியது, கை ஏறவில்லை.

“பொம்பளைக்கு எதுக்குக் கோட்டு?” என்று ஒரு குரல். “நேபாளத்துல கரண்ட் கிடையாது போல” என்று இன்னொன்று. நாலைந்து பேர் சிரித்தார்கள். அவளுடைய அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அவள் மேடை நுனிக்கு வந்தாள். “இன்னாண்ணே, தூங்கிக்கினு கீறியா? போடுண்ணே!” விளக்கு எரிந்தது. இப்போது சபை சிரித்தது வேறு சிரிப்பு, அவளோடு சேர்ந்து சிரித்தது. இடைவேளைக்குப் படுதா விழுந்தது.

உள்ளே வந்ததும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு வரலன்னு சொல்லுவாங்கக்கா. எனக்கு வருது. இந்தக் கோட்டுக்குத்தான் வரல.”

தப்பு என்னுடையது. போட்டுப் பார்த்தபோது கையைத் தூக்கச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுப்பதற்குள் தடியை ஊன்றிக்கொண்டு பழையவர் வந்தார். அவளை எழுப்பி, வலது கையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். தோளோடு நின்றது. விரலை உள்ளே விட்டு அந்த மூட்டையைத் தடவினார்.

“எவ்வளவு விட்டே?”

“நீங்க சொன்னபடி, முழுசா.”

முதல் மணி அடித்தது. கோட்டைக் கழற்றச் சொல்லி வாங்கினார். என் பையிலிருந்து கத்திரியை எடுத்தார்.

“வெட்டினா உங்க அளவு திரும்பி வராதுண்ணே” என்றேன்.

தடியைச் சுவரில் சாய்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டை உள்பக்கமாகத் திருப்பிப் புது முட்டிகளின்மேல் போட்டுக்கொண்டு, என் தையலை ஒட்டி, அக்குளிலிருந்து கீழே வரை வெட்டினார். கறுப்புத் துணி சுருண்டு அவர் செருப்பின்மேல் விழுந்தது. கத்திரி கோணவில்லை.

தூக்கவேண்டியது வலது கை மட்டும்தான். அது போதும் என்று கோட்டை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. மடியிலேயே அதைத் திருப்பிப் போட்டு, இடது பக்கத்தையும் வெட்டினார்.