பால்கனிக் கதவுக்கு ஒரு சோக்

போன மாதம் ஜெயராஜின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். மாதாப்பூரில், ஏதோ பன்னிரண்டாவது மாடி. அந்த உயரத்தில் காற்று யாருக்கும் அடங்குவதில்லை. பால்கனிக் கதவைத் திறந்த மறுகணம் படாரென்று சாத்திவிடுகிறது. அவன் மனைவி ஓர் இரும்புக் கட்டியைக் காலால் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். "இது மட்டும் இல்லன்னா கண்ணாடி எப்பவோ ஒடஞ்சிருக்கும் அண்ணே. நல்ல கனமாக்கும்," என்றார்.

குனிந்து பார்த்தேன். வெயிலில் சூடேறியிருந்த கட்டியிலிருந்து லேசாக வார்னிஷ் வாசனை வந்தது. அது நான் தேர்ந்தெடுத்த சோக்.

சோக் என்றதும் உங்களுக்கு டியூப்லைட் ஞாபகம் வரும். தப்பில்லை, இரண்டும் ஒரே குடும்பம்தான். இரும்புத் தகடுகளுக்கு நடுவே செம்புக் கம்பிச் சுற்று, அவ்வளவே. வால்வு ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற மின்சாரத்தில் ஒரு நடுக்கம் மிச்சமிருக்கும். அதை ஒரு நல்ல சோக் வழிமறித்து நிறுத்த வேண்டும். இல்லையென்றால் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் பேச்சில் அதற்கு ஹம் என்று பெயர். என் இளமையில் கணிசமான பகுதி அதைக் கேட்பதிலேயே போயிற்று.

எங்களுடையது தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம். லோத்குண்டாவில் வீடு. மாடி அறையில் வாடகைக்கு இருந்தவன் ஜெயராஜ், நாகர்கோவில்காரன். இருவருக்கும் மீட்டர் செய்கிற ஒரே தொழிற்சாலையில் வேலை. எங்கள் ஊர் உருதுவில் 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'; அது கலந்த என் தமிழைக் கேட்டால் அவனுக்குச் சிரிப்பு தாங்காது. "எதுக்கெடுத்தாலும் நக்கோ நக்கோங்கியே, நான் என்னல ஐஸ்கிரீமா?" என்பான். அவன் வேகமாகப் பேசினால் எனக்குப் பாதிதான் புரியும்.

தொழிற்சாலையை விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கும் கடை ஒன்றைத் திறப்பது எங்கள் திட்டம். எப்போது விடுவது என்பதற்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. முதல் ஆம்ப்ளிஃபயரில் ஹம் அடியோடு நின்றால், மறுநாளே இருவரும் ராஜினாமா கொடுப்பது. சொன்னது அவன்தான். "ஹம் நின்னா வேலையும் நிக்கும் மக்கா. கை குடு." கொடுத்தேன்.

சோக்கே வேண்டாம், ரெசிஸ்டர் போதும் என்பது அவனுடைய முதல் யோசனை. "நக்கோடா, வோல்டேஜ் எல்லாம் அதுவே தின்னுடும்," என்றேன். கேட்கவில்லை. போட்டோம். வோல்டேஜும் போயிற்று, ரெசிஸ்டரில் தோசை வார்க்கலாம் போலச் சூடும் ஏறியது. அடுத்து டியூப்லைட் சோக் இரண்டைத் தொடராக இணைத்தோம். ஹம் குறைந்தது, ஆனால் சோக்குகளே பெட்டிக்குள் குளவிக்கூடு மாதிரி ரீங்கரித்தன. பிறகு ஜுமேராத் பஜாரில், துருப்பிடித்த பூட்டுகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே, பச்சை பெயிண்ட் அடித்த ராணுவ சோக் ஒன்று கிடைத்தது. பார்க்க கம்பீரமாக இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் உள்ளே கம்பி தலைமுடி கனம்தான். எங்கள் ஆம்ப்ளிஃபயர் கேட்கும் மின்சாரத்தை அது தாங்காது. நான் ஒவ்வொன்றுக்கும் சிறு சீட்டில் குணங்களை எழுதி நூலால் கட்டிவைப்பேன். "மூட்டு வலி ஆஸ்பத்திரில வார்டு மாதிரி இருக்குல," என்பான் ஜெயராஜ்.

கடைசியில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த கோட்டி பஜாருக்குப் போனோம். அந்தச் சந்தில் நுழைந்தாலே வார்னிஷும் ஈயப் பற்றும் கலந்த ஒரு நெடி மூக்கில் ஏறும். எனக்கு அது பசியைத் தூண்டும் வாசனை. கடைக்காரர் புது சோக் ஒன்றை மேஜையில் 'டொக்'கென்று வைத்தார். "லே ஜாவ் மியான், ஏக் நம்பர் மால்." முதல் தரச் சரக்காம். கம்பி கனம், எடை, எல்லாம் சரி. வீட்டுக்கு வந்து பொருத்தினால் ஹம் அப்படியே இருந்தது.

நான் விடுகிற ஆளில்லை. திருகுகளைக் கழற்றித் தகடுகளைப் பிரித்தேன். டிரான்ஸ்ஃபார்மருக்கு அடுக்குவதுபோலத் தகடுகளை மாற்றி மாற்றிக் கோத்திருந்தார்கள். சோக்குக்கு அப்படிச் செய்யக் கூடாது. ஒரே திசையில் போகிற மின்சாரம் இரும்பைத் திணறடித்துவிடும்; சோக் வேலை செய்யாது. தகடுகளை ஒருபுறமாக அடுக்கி, மூடும் தகடுகளுக்கு முன்னால் மெல்லிய இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளிக்கு என்ன வைப்பது? காகிதம் ஈரம் இழுக்கும். ஜெயராஜ் தன் பெட்டியைக் கிளறி, வேலையில் சேரும்போது எடுத்த மார்பு எக்ஸ்ரேயை நீட்டினான். கத்தரிக்கோலை எடுத்தேன்.

"லேய், எனக்க நெஞ்ச வெட்டியா பாட்டு கேக்கப் போறோம்?"

"உனக்கு வேற எதுக்குப் பயன்படுது அது?" என்றேன்.

ஒரு விலா எலும்பு முழுசாக அந்தத் துண்டில் வந்தது. வைத்து இறுக்கி, சுவிட்சைப் போட்டோம். வால்வுகள் சிவந்தன. சத்தமே இல்லை. "செத்துப் போச்சால?" என்றான். இருவரும் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டோம். ஒன்றுமில்லை. கேசட்டைப் போட்டதும் அந்த ஒன்றுமில்லாததிலிருந்து பாட்டு எழுந்து வந்தது. அவன் என்னைத் தூக்கிச் சுற்றினான்.

அது ஞாயிற்றுக்கிழமை. திங்களன்று நான் ராஜினாமா கொடுத்தேன். "இன்னைக்கு மேனேஜருக்கு மூடு சரியில்ல, அடுத்த வாரம் குடுக்கேன்," என்றான் ஜெயராஜ். அடுத்த வாரம் காய்ச்சல் என்றான். அதற்கடுத்து ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தான். மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. நான் தகடு அடுக்கிக்கொண்டிருந்த நாட்களில் அவன் இன்டர்வியூவுக்குப் போய்வந்திருக்கிறான். "நீயும் கம்ப்யூட்டர் படி மக்கா. இந்தக் காலத்துல சோக்கு தூக்கிட்டு அலைவியா?" ஆம்ப்ளிஃபயரைத் தன் புது அறைக்கு எடுத்துப்போனான். "நீ கட போடும்போ தாரேன்." என் இடத்துக்குத் தொழிற்சாலையில் அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார். நான் தெருத்தெருவாக டிவி ரிப்பேருக்குப் போனேன்.

யோசித்துப் பார்த்தால், எனக்கு உண்மையில் நல்லது செய்யப் பார்த்தவர் அந்தக் கோட்டிக் கடைக்காரர்தான். தெரிந்தோ தெரியாமலோ, ஹம்மோடுதான் கொடுத்தார். நான்தான் திருத்தினேன்.

"ஆம்ப்ளிஃபயர் எங்கே?" என்று பால்கனியில் ஜெயராஜிடம் கேட்டேன்.

"அதையா? போன வீடு மாறும்போ பழைய சாமான்காரன்கிட்ட போட்டாச்சு. இது மட்டும் கனமாட்டு இருந்துச்சேன்னு வச்சிருக்கு." காலால் அதைத் தட்டினான். "இத எங்கல வாங்கினோம்? ஜுமேராத் பஜார்லயா?"

"கோட்டியில."

"ஹாங், கோட்டி." அதற்கு மேல் அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. உள்ளே மாதுளம்பழ அளவில் ஒரு ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. துளி ஹம் இல்லை. "வேணும்னா எடுத்துட்டுப் போ மக்கா," என்றான்.

தகடுகளின் ஓரத்தில் நீலம் கலந்த கறுப்பாக அந்த எக்ஸ்ரேத் துண்டின் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அவனிடம் காட்டவில்லை.

"வேண்டாம். கதவு அடிக்கும்," என்றேன்.

திரும்பும்போது வீட்டுக்குப் போகாமல் கோட்டியில் இறங்கினேன். சோக் விற்ற இடத்தில் மொபைல் கவர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. சந்து முழுக்க நடந்தேன். வார்னிஷ் நெடி எங்கேயும் இல்லை. ஒரு பையன் ஓடிவந்து, "கியா ஹோனா அங்கிள்?" என்று கேட்டான். என்ன வேண்டுமாம். சொல்லத் தெரியாமல் ஒரு சார்ஜர் வாங்கிக்கொண்டு வந்தேன்.