திணறாத ஆம்ப்ளிஃபயர்

சவுண்ட் செட் போடுகிறவர்களே, கச்சேரி நடுவில் கூட்டம் மேடையை விட்டுவிட்டு நம்மைத் திரும்பிப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

பூனை

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம். செங்கல்பட்டில் செட் வைத்திருந்தேன். புதுப்பட்டினத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பாஸ்கர் நடத்தும் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கும் ஜோசப், காலடியில் புதுப்பெட்டி ஒன்றை வைத்தார். மாடலராம்; எந்த ஆம்ப்ளிஃபயரில் வாசித்த மாதிரி வேண்டுமானாலும் கிடாரைப் பேசவைக்குமாம். அதற்கென்று தனி ஆம்ப் கேட்டார். பேச்சு மைக்குக்கு வைத்திருந்த சின்னதை மாட்டிவிட்டேன்.

மெதுவாக வாசித்தவரை பிரச்சினை இல்லை. தனி வாசிப்பு வந்தது. ஜோசப் கம்பியை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்ததும் ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்தது, சத்தம் கிழிந்தது. அவர் முகம் செத்துப்போனது. மாப்பிள்ளையின் மாமா நேரே என்னிடம் வந்தார்.

"இன்னாபா, ஸ்பீக்கருக்குள்ள பூனை மாட்டிகினு கீதா?"

கனம்

அடுத்த கச்சேரியிலும் இப்படி ஆனால் ஜோசப்புக்குப் பதில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக பாஸ்கர் சொல்லிவிட்டார். பகலெல்லாம் ஆபீஸில் கிடக்கும் ஜோசப்புக்கு இந்த மேடைதான் மூச்சு. "அண்ணா, பெட்டில தப்பா?" என்று என் குடோனுக்கே வந்துவிட்டார்.

இருந்த ஆம்புகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். பெட்டியில் தப்பில்லை. சாதாரண வாசிப்புக்கே முழு பலத்தையும் கொடுத்துவிடுகிற ஆம்ப், திடீரென்று ஒரு அழுத்தம் வந்தால் திணறுகிறது. கடைசியில், கும்மென்று அதிரும் பேஸ் ஸ்பீக்கருக்கு வைத்திருந்த பெரியதுதான் அசரவில்லை. அதைத் தாங்குகிற ஸ்பீக்கரும் கிடைத்தது. இரண்டையும் ஏற்றிய லோடு ஆட்டோ ஆறுமுகம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாத்த, அந்த ஆளை புல்லாங்குழல் கத்துக்கச் சொல்லு."

மாமல்லபுரம்

கடற்கரை விடுதிப் புல்வெளியில் ஒரு கம்பெனி விழா. ஆம்பின் அளவைப் பார்த்தே மேனேஜர் பயந்துவிட்டார். "சத்தம் அதிகமாகாது சார், அழுத்தி வாசிச்சா கிழியாம இருக்கத்தான் இது" என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டது.

தனி வாசிப்பு வந்தபோது நான் ஆம்பின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரியவில்லை. கடைசி இழுப்பு முழுசாகப் போய் அடங்கியது. ஜோசப் கண்ணைத் திறந்து என்னைத் தேடிச் சிரித்தார். அடுத்த முகூர்த்தத்துக்கும் அவரை வரச் சொல்லிவிட்டு, பாஸ்கர் என் தோளில் தட்டினார்.

"இன்னிக்கு நீ எதையும் தொடல போல, சவுண்டு சூப்பரா கீது."

ஆம்ப்ளிஃபயரைத் தேவைக்கு மேல் பலம் பார்த்து வாங்கிவிடலாம். அதைத் தூக்குகிற நம் இடுப்புக்குத்தான் அந்த வசதி இல்லை.